ஏரித்தண்ணீர் போகும் வழியில்

கீழ்க்கட்டளையில் மனை பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுமுன் கேட்பது ஒன்றுதான்: "மழைக்குத் தண்ணி நிக்குமா?" தரகர்களும் மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "நிக்காதுங்க, ஓடிடும்." எங்கே ஓடும் என்று அடுத்துக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. ஓட ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கால்வாய் வழியே நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் பள்ளிக்கரணை சதுப்புநிலம், அப்புறம் ஒக்கியம் மடுவு, மடுவிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், கால்வாயோடு தெற்கே இறங்கி முட்டுக்காட்டில் கடல். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு சதுரங்கப்பட்டினம் போய்வந்தோம். முட்டுக்காடு வரை ஏறக்குறைய இந்தத் தண்ணீரின் பின்னாலேயே போயிருக்கிறோம் என்பது மாமியார் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

எங்கே போவது என்பதில் முதலில் ஒற்றுமை இல்லை. மகளுக்குப் பாண்டிச்சேரி. நாத்தனாருக்குத் திருவிடந்தை, அவருடைய மகனுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது, தை பிறந்துவிட்டது, வழி பிறக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. என் வீட்டுக்காரருக்குத் தொல்லியல் துறையின் நீலப் பலகை எங்கே நட்டிருந்தாலும் அங்கே போய் நிற்க வேண்டும். அவர்தான் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை என்றார். "கோட்டைன்னா உள்ள என்ன இருக்கும்?" என்று கேட்டாள் மகள். "கல்லறை" என்றார் அவர். நல்லவேளையாக மாமியார் தலையிட்டு, "எங்க வேணா போங்க, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுல இருக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னதில் பாண்டிச்சேரி தானாகவே அடிபட்டுப் போயிற்று. ஓட்டுநரோடு ஓர் இன்னோவா பேசினோம். மாமியார், நாத்தனார், அவர் மகன், நாங்கள் மூவர், ஓட்டுநர் என ஏழு இருக்கையும் நிரம்பின. புளியோதரைத் தூக்கு என் காலடியில்.

மேடவாக்கம் பிரதான சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே நெளிந்து, ரேடியல் ரோட்டில் ஏறும்போது இன்னும் வெயில் வரவில்லை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் தடம் எங்கள் ஊர் வழியாக வருகிறது. வேலை முடியட்டும், அப்புறம் பார் என்று எங்கள் பக்கத்து மனை விலையெல்லாம் அந்தத் தூண்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மாமியார் ஜன்னலோரம். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த காலத்தில் ஏரிக்குக் கீழே நெல் வயல், களத்துமேடு, மாட்டுவண்டிப் பாதை என்று அவர் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்றைக்குப் புதிதாக ஒன்று சொன்னார்: "மழைக் காலத்துல ஏரி கலங்கல் போனா, உங்க மாமனார் வலையத் தூக்கிக்கிட்டு நாராயணபுரம் பக்கம் ஓடுவாரு. மீனு தண்ணியோட போவும், இவுரு மீனோட போவாரு."

நாராயணபுரம் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் சதுப்புநிலம் திறந்துகொள்கிறது. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது என்று சொல்லப்படுகிற பள்ளிக்கரணையில் இன்று மிஞ்சியிருப்பது சின்னப் பங்குதான். அதில் ஒரு பகுதியை 2007இல் வனத்துறை காப்புக்காடாக்கியது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரத்தில் போட்ட உடன்படிக்கையின் பட்டியல் அது. உலகப் பட்டியலில் ஏறிய நிலத்துக்கு அந்தண்டைப் பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. கண்ணாடியை ஏற்றச் சொன்னாள் மகள். இறக்கச் சொன்னார் அவள் அப்பா, பறவை பார்க்க. கோரைக்குள் நீலத்தாழைக்கோழி ஒன்று செம்மூக்கோடு நடந்ததையும், தூரத்தில் வெள்ளையாக நின்றவை கூழைக்கடாவா கொக்கா என்ற வாக்குவாதத்தையும் இந்த நாற்றத்தோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு விட்டார்கள். தாம்பரம் முதல் வேளச்சேரி வரை எத்தனையோ ஏரிகளின் உபரி இந்த ஒரே சதுப்பில் வந்து சேர, சதுப்புக்குத் தெற்கே கடல் நோக்கி இருக்கும் முக்கியமான வாய் ஒக்கியம் மடுவு மட்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்துக்கும் காரப்பாக்கத்துக்கும் இடையில் அதன் பாலத்தைக் கடக்க எங்களுக்குச் சில வினாடிகள். கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு அங்கே பாலம் இருப்பதே தெரியாது. "இதுதான் அந்த மடுவா? இவ்ளோதானா?" என்றான் நாத்தனார் மகன். ஐ.டி. கம்பெனிக்கு இதே பாலத்தின் மேல் வருடக்கணக்காகப் போய்வருகிறவன்.

சோழிங்கநல்லூர் சிக்னலில் இடது பக்கம் திரும்பி, அக்கரைக்குப் போகும் வழியில் பக்கிங்ஹாம் கால்வாய். கறுத்த தண்ணீர், ஆகாயத்தாமரை. இந்தக் கால்வாயை நம்மவர்கள் சாக்கடை என்ற கணக்கிலேயே வைத்துவிட்டார்கள். அப்படி விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டியது தொடக்கம். துண்டு துண்டாக நீண்டு, 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களைக் கொண்டு நகரத்துக்கு உள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். நெல்லும் உப்பும் விறகும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் அதில் படகேறி வந்தன. தாது வருஷப் பஞ்சத்தில் வயிற்றுக்கில்லாமல் வந்து மண் சுமந்தவர்களின் பெயர் எதையும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

உத்தண்டி சுங்கச்சாவடிக்கு அப்புறம் காற்றில் உப்பு ஏறியது. முட்டுக்காட்டுப் பாலத்தில் வண்டியை மெதுவாக விடச் சொன்னோம். வலது பக்கம் விரிந்த கழி, படகுக் குழாம், சாய்ந்த பாய்கள். இடது பக்கம் மணல்மேடு, அதற்கு அப்பால் கடல். மழைக்காலத்தில் வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு வெளியேறும். வெயில்காலத்தில் அலை மறுபடி மணலைத் தள்ளி மூடப் பார்க்கும். அங்கேதான் மாமியார் சொன்னார், யாரிடமும் இல்லாமல் பொதுவாக: "நம்ம ஏரித் தண்ணி இங்கதான்டா வந்து சேருது." எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, மாமனார் சொல்வாராம். அவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவரோ, வரைபடம் படித்தவரோ அல்ல. வலை வீசுகிறவருக்குத் தண்ணீரின் விலாசம் தெரியாமல் இருக்குமா.

கோவளத்தில் நிற்கவில்லை. தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் மீனவர் குப்பமும் ஒரே பார்வையில் அடங்கும் ஊர். 1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல். 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்ற கடற்கரைக்கு அலைச்சறுக்குப் பலகையோடு பிள்ளைகள் வருகிறார்கள். தர்காவைப் பார்த்ததும் மாமியார் வண்டிக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். அது அவர் வழக்கம்.

திருவிடந்தையில் கூட்டம். நித்திய கல்யாணப் பெருமாள் வராக மூர்த்தியாக அகிலவல்லித் தாயாரை இடது தொடையில் தாங்கி நிற்கிறார். காலவ முனிவரின் முந்நூற்று அறுபது பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்து, கடைசி நாளில் எல்லோரையும் ஒருத்தியாக்கிக்கொண்டார் என்பது தலபுராணம். அதனால் கல்யாணம் தட்டிப்போகிறவர்கள் இங்கே மாலையோடு வருகிறார்கள். இரண்டு மாலை கொடுத்தால் ஒன்றைப் பெருமாளுக்குச் சாத்திவிட்டு மற்றதைத் திருப்பித் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக அதே மாலையோடு திரும்பி வர வேண்டும்.

நாத்தனார் மகன் இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. நம்பாதவன் மாலையைப் போட்டுக்கொண்டு சுற்றுவதைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு சுற்று கைபேசியைப் பார்த்தபடி நடந்தான். மூன்றாவதில் முன்னால் போன மாலைக்காரப் பெண்ணின் அப்பா இவனை மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகு கைபேசி சட்டைப் பைக்குள் போய்விட்டது. "அண்ணி, அந்தப் பொண்ணு எந்த ஊருன்னு கேளுங்களேன்" என்று என் காதைக் கடித்தார் நாத்தனார். கேட்டேன். மதுராந்தகமாம், பள்ளிக்கூட வாத்தியாராம். அதற்கு மேல் ஜாதகம் கேட்பது என் வேலை இல்லை.

வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. மகள் இறங்கலாம் என்றாள். அழிந்துகொண்டிருந்த சதுப்பு முதலையையும் கரியலையும் பெருக்கிக் காட்டுக்கு அனுப்ப ஆரம்பித்த இடம் என்று நானும் சிபாரிசு செய்தேன். "திரும்பும்போது" என்றார் அப்பா. குடும்பப் பயணங்களில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து நெம்மேலி. சாலையிலிருந்து பார்த்தால் மதில், குழாய், தொட்டி. பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் வண்டியில் நீண்ட பேச்சு இதைப் பற்றித்தான் நடந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். 2013இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் அளவில் ஒன்று தொடங்கியது. 2024 பிப்ரவரியில் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் அளவில் இன்னொன்று. கடலுக்குள் குழாய் போட்டுத் தண்ணீரை இழுத்து, வடிகட்டி, நுண்துளைச் சவ்வுகளின் வழியே மிகுந்த அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். உப்பு இந்தப் பக்கம் தங்க, நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் வரும். தங்கிய உப்புக்கரைசலை மறுபடி கடலிலேயே விட வேண்டும். இழுக்க, தள்ள, சென்னைக்கு ஏற்ற என எல்லாமே மின்சாரச் செலவு. இங்கிருந்து வடக்கே போகிற தண்ணீர் தென்சென்னைக் குழாய்களில் வருகிறது.

வீட்டுக்காரர் இதை விளக்கி முடிக்கும் வரை மாமியார் குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்: "நம்ம ஏரித் தண்ணியக் கொண்டாந்து கடல்ல விட்டுட்டு, அப்பறம் கடல்லேருந்து உப்பெடுத்து நம்மளுக்கே குழாயில அனுப்புறானா?"

"அப்படி இல்லம்மா, அது வெள்ளத் தண்ணி, இது..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். ஓட்டுநர் மட்டும் சிரித்தார். அந்தக் கேள்விக்குப் பொறியாளர்கள் பதில் வைத்திருப்பார்கள். மழை மூன்று மாதம், தேவை பன்னிரண்டு மாதம், வெள்ளத்தைத் தேக்க இடமில்லை என்பார்கள். இடம் இல்லாமல் போனது எப்படி என்பதை நாங்கள் காலையில் வந்த சாலையில் பார்த்துக்கொண்டுதான் வந்தோம். நாங்கள் குடியிருக்கும் தெருவே ஒரு காலத்தில் ஏரி பாய்ந்த வயல்.

சாளுவன்குப்பத்தில் இறங்கினோம். புலிக்குகையைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காதவர் இல்லை. அதற்குச் சற்று வடக்கே இருக்கும் முருகன் கோயிலுக்கு யாரும் நடப்பதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணலை அரித்துக்கொண்டு போனபோது, இங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. அந்தத் தடயத்தைப் பிடித்து அடுத்த ஆண்டு தொல்லியல் துறை தோண்ட, மணலுக்கு அடியிலிருந்து முருகன் கோயில் ஒன்று வந்தது. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் வேலை, அதற்கும் கீழே சங்க காலத்தது என்று ஆய்வாளர்கள் சொல்லும் செங்கல் கட்டுமானம், கல்லில் செய்த வேல். அந்தச் செங்கல் கோயிலையும் கடல்தான் இடித்தது என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். இடித்த இடத்திலேயே அடுத்தவர்கள் கட்டியிருக்கிறார்கள். அதையும் மணல் மூடியிருக்கிறது. அப்புறம் ஒரு பேரலை வந்து திறந்து காட்டியிருக்கிறது.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அகலமான பழஞ்செங்கற்களைப் பார்த்தோம். இன்றைய செங்கல்லைவிட எவ்வளவோ பெரியவை. "கூரை இல்லாத கோயிலா?" என்றாள் மகள். முருகன் கோயில் என்றதும் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டார். மூலவர் இல்லை, பூசை இல்லை, விளக்கு இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, வேலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே சவுக்கு நிழலில் புளியோதரையும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். காற்றில் வந்த மணல் தயிர்சாதத்தில் நறநறத்தது.

மாமல்லபுரத்தை உள்ளே போகாமலே கடந்தோம். ஞாயிறு மதியத்தில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடுவதைவிடப் பல்லவர்களைப் புத்தகத்தில் பார்ப்பது மேல். அதற்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஆடம்பரம் குறைகிறது. ரிசார்ட் பலகைகளுக்குப் பதில் தர்ப்பூசணிக் குவியல், கீரைப் பாத்தி. இடது பக்கம் தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கட்டடங்கள். 1983 ஜூலையில் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தது. கடலடியில் சுரங்கம் வைத்துக் கடல்நீரை இழுத்துத்தான் அதுவும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஆழிப்பேரலை அன்று அந்தச் சுரங்கத்தின் வழியே தண்ணீர் பொங்கி நீரேற்று அறைக்குள் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலை ஒட்டியிருந்த ஊழியர் குடியிருப்பிலும் மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின.

சதுரங்கப்பட்டினம் சின்ன ஊர். கடைத்தெருவிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால், வீடுகளுக்கு நடுவே செங்கல் மதிலும் வாசலில் இரண்டு பீரங்கியும். காவலாளி குறிப்பேட்டில் பெயர் எழுதச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் எழுதியிருந்தவர்கள் ஒரு காதல் ஜோடி. கையெழுத்திலேயே தெரிந்தது, ஊர்ப் பெயரை மட்டும் கிறுக்கியிருந்தார்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது இந்தோனேசியத் தீவுகளின் மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும். அந்தத் தீவுக்காரர்கள் அவற்றுக்கு ஈடாக விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணியை. ஆகவே 1610இல் பழவேற்காட்டில் கால் ஊன்றி, கரை நெடுகக் கிட்டங்கி போட்டார்கள். சதுரங்கப்பட்டினம் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போனது. சுற்றுவட்டத்துத் தறிகளில் நெய்தது இங்கே மூட்டையாகி, அலைமேல் படகில் போய், நங்கூரமிட்ட கப்பலில் ஏறி, பத்தாவியா போய்ச் சேர்ந்தது. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. கோட்டைக்குள் நீளவாட்டில் நிற்கும் பெரிய கிட்டங்கிகள்தான் இந்த இடத்தின் உயிர். பீரங்கியெல்லாம் கிட்டங்கிக்குக் காவல். யானைமேல் ஏறுவதற்குக் கட்டியது என்று காட்டப்படும் சாய்வு மேடையில் மகள் ஏறி, யானை இல்லாமலே படம் எடுத்துக்கொண்டாள்.

இந்த அமைதியான மதிலுக்குள் 1754 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் உட்கார்ந்து சமாதானம் பேசியிருக்கிறார்கள். இருவருக்கும் பொதுவான இடம் என்பதால் டச்சுக்காரர் ஊர். யார் கர்நாடகத்து நவாப் என்பதில் இரு பக்கமும் விட்டுக்கொடுக்காததால் பேச்சு முறிந்தது. நவாப் யார் என்பதை இந்த ஊர் நெசவாளியிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்குமே சண்டை வந்து 1781இல் கோட்டை விழுந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று இதற்கு நேர் எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலேயர் ஹியூஸின் கப்பல்களும் மோதின. யாருக்கும் முழு வெற்றி இல்லை. கடைசியில் 1824இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் எழுதி, இந்தியாவில் இருந்த டச்சு இடங்களை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டார்கள்.

கல்லறைப் பகுதி பூட்டியிருந்தது. காவலாளி சாவி கொண்டுவந்து திறந்தார். படுக்கைவாட்டில் பெரிய கற்கள். மேலே குலச்சின்னம், இலைக்கொடி, நெருக்கமாகப் பொறித்த டச்சு எழுத்து. 17, 18ஆம் நூற்றாண்டு ஆண்டுகளை மட்டும் எங்களால் படிக்க முடிந்தது. பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்துக்கொண்டே போன மகள் ஒரு கல்லில் நின்றாள். "அம்மா, இவங்களுக்கு மாமா வயசுதான்" என்றாள், நாத்தனார் மகனைக் காட்டி. நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. மாலை வாங்கின நாளில் பேசுகிற பேச்சா இது என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மாமியார் உள்ளேயே வரவில்லை. கோயிலுக்குப் போன உடம்போடு இடுகாட்டில் நுழைவதில்லை.

மதிலின் கிழக்குப் பக்கம் ஏறினால் கடல். கரையில் ஃபைபர் படகுகள், வலை பிரிக்கும் ஆட்கள். மத்தியான மீன் எல்லாம் போய்விட்டது. ஒரு அம்மா கூடையில் மிச்சமிருந்த சங்கரா மீனைக் காட்டி விலை சொன்னார். நான் பாதி கேட்டேன். "கீழ்க்கட்டளை மார்க்கெட்டுல இந்த விலைக்கு ஐஸ்தான் குடுப்பான்" என்றார். ஊர்ப் பெயரை எப்போது சொன்னோம் என்று திகைத்தால், அவருடைய பெண்ணை மூவரசம்பட்டில்தான் கொடுத்திருக்கிறாராம். மாமியாரோடு அதற்குள் எல்லாம் பேசியாகிவிட்டது. சொன்ன விலைக்கே வாங்கினோம்.

திரும்பும்போது முதலைப் பண்ணை மூடியிருந்தது. உத்தண்டிக்கு முன்பே வண்டிகள் ஊர ஆரம்பித்தன. விளக்கு வைக்கிற நேரம் முட்டுக்காட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேயே கழிந்துவிட்டது. மாமியார் கைபேசியில் மணி பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பின்சீட்டில் மீன் பையும் பெருமாள் மாலையும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று நாத்தனார் மாலையை மடியில் வைத்துக் காவல் காத்தார். சோழிங்கநல்லூர் சிக்னலில் அவருக்குப் புதுக் கவலை வந்தது.

"அண்ணி, கல்யாணம் ஆனா ஜோடியா மாலையோட திரும்ப வரணும்ல? அப்ப இந்த வண்டி பத்தாதே."

"மதுராந்தகத்துக்காரங்களும் வந்தா ட்ராவலர்தான் சொல்லணும்மா" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் பார்த்து. "இப்பவே சொல்லி வைங்க. தை மாசத்துல வண்டி கெடைக்காது."